பெருநாள் மூன்றாம் நாள் கடற்கரை பெண்களுக்கு

கடற்கரை வீதி, இரண்டாம் குறுக்கு,
றமழான் கடைசிப் பத்து.

அன்பின் வாப்பாவுக்கு,

உங்கள் பொல்லாத மகள் றினோஸாவின் ஸலாம். அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இங்கே நோன்பும் கஞ்சியுமாக இருக்கிறோம். அங்கே உங்கள் நோன்பையும் வேலையையும் அல்லாஹ் லேசாக்கி வைக்கட்டும்.

இந்தக் கடிதத்தில் கருவாடு மணத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. காலிதீன் மாமாவுக்கு லீவு முடிந்துவிட்டது. பெருநாளைக்குக்கூட நிற்க முடியாமல் உங்கள் ரூமுக்கே திரும்பி வருகிறார். உங்களுக்கென்று உம்மா கட்டிய கருவாட்டுப் பொட்டலத்துக்குள் இதையும் சொருகிவிட்டேன். உம்மாவுக்குத் தெரியாது.

கையில் போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். நான் போனில் "உம்மா" என்று தொடங்கினால் போதும், கட்டாரில் சிக்னல் போய்விடுகிறது. சோதினையைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் நல்ல சிக்னல். போனைக் கட் பண்ணலாம், கடிதத்தை எப்படிக் கட் பண்ணுவீர்கள்? ஆகவே ஆறுதலாக இருந்து முழுதையும் வாசியுங்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் பிரதேச சபையில் உம்மாவின் பிரேரணை பாஸாகி, அந்தப் படம் உங்கள் ரூமுக்கு வந்த நாளிலிருந்து நீங்கள் உம்மாவோடு கதைப்பதில்லை. பெருநாள் மூன்றாம் நாள் நம் ஊரில் இதுவரை நடக்காத ஒரு காரியம் நடக்கப் போகிறது. அதற்கு முன் நீங்கள் உம்மாவோடு கதைக்க வேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். நடுவில் ஊர்ப் புதினம் நிறைய இருக்கிறது, தாண்டிப் போய்விட வேண்டாம்.

சோதினை முடிந்தது. தமிழும் இஸ்லாமும் நல்லம். கணக்குப் பேப்பரைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

உம்மா எப்படி மெம்பரானார் என்று உங்கள் ரூமில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்களாம். காலிதீன் மாமா சொன்னார். உண்மைக் கதையில் நீங்களும் இருக்கிறீர்கள், மறக்க வேண்டாம். தேர்தல் நேரம் ஸஜாத் ஹாஜியார் கட்சிப் பட்டியலோடு நம் வீட்டுக்கு வந்தார். "சகோதரி, பேர மட்டும் தாங்க. சட்டத்தில பொண்டுகளும் வேணுமெண்டு இரிக்கி. வோட்டுக் கேக்கத் தேவல்ல, மேடையில ஏறத் தேவல்ல, உங்கட படமும் போடமாட்டம்" என்றார். உம்மா கட்டாருக்குப் போன் எடுத்து உங்களைக் கேட்டார். நீங்கள்தான் சிரித்துக்கொண்டு, "பேர்தானே, குடுங்க" என்று சொன்னீர்கள்.

பெண்களுக்கு ஒதுக்கீடு என்றால் ஒதுக்கி வைக்கிறது என்றுதான் ஹாஜியார் விளங்கியிருந்தார். வோட்டு எண்ணி முடிந்தபோது கட்சிக்குக் கிடைத்த ஓர் ஆசனத்தைப் பெண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று வந்துவிட்டது. பட்டியலில் முன்னால் இருந்த அவருடைய மச்சினி அதற்குள் வெளிநாடு போய்விட்டார். அடுத்த பெயர் மர்ஷூதா, நம் உம்மா. அவர்கள் பெயர் கொடுக்கச் சொன்னார்கள், உம்மா பெயர் எடுத்துவிட்டார். அன்று நீங்களும் சந்தோஷமாகத்தான் இருந்தீர்கள். "சலாம் மெம்பரம்மா" என்று வீடியோவில் எழும்பி நின்றீர்களே, சாரத்தோடு!

அதற்குப் பிறகு வீட்டிலும் சபை நடைமுறைதான். நோன்பு திறக்கும்போது நான், "தவிசாளர் அவர்களே, கஞ்சிக்கு உப்புக் காணாது என்று பிரேரிக்கிறேன்" என்று எழும்பி நின்றால் உம்மா, "பிரேரணை தள்ளுபடி. குடிச்சிட்டுக் கோப்பையக் கழுவு" என்று தீர்ப்புச் சொல்கிறார். ஆமோதிக்க ஆளில்லை, அதுதான் என் பிரச்சினை. நீங்கள் இருந்தால் ஆமோதிப்பீர்கள்.

இன்னொன்று. ஒரு நாள் மொட்டை மாடியில் நின்று வாளியை வாயில் வைத்து, "பொதுமக்கள் கவனத்திற்கு! நாளை காலை முதல் நீர் வெட்டு!" என்று ஓட்டோவில் அறிவிக்கிற ஆளின் குரலில் கத்தினேன். நம் குறுக்குத் தெரு முழுதும் பானை சட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தது. ஸஜாத் ஹாஜியார் வீட்டில் குழந்தையின் தொட்டிலைத் தவிர எல்லாவற்றிலும் தண்ணீராம். மெம்பர் உம்மாவுக்குக் கிடைத்த முதல் பொதுமக்கள் முறைப்பாடு சொந்த மகளுக்கு எதிராக. விசாரணை நடந்தது, தண்டனை நிறைவேற்றப்பட்டது, காது இன்னும் சிவப்பு.

இனி அந்தப் பிரேரணைக் கூட்டம். நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன், ஆகவே இது கேள்விப்பட்ட கதை இல்லை. முதல் கூட்டங்களில் உம்மா வாய் திறக்கவே இல்லை. ஹாஜியார், "நல்ல அமைதியான உறுப்பினர்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்றைக்குப் புதிய குப்பை வண்டி, சந்தைக்கு மலசலகூடம், நூலகக் கூரை எல்லாம் கதைத்து முடிய, தவிசாளர் வேறு என்ன என்று கேட்டார். உம்மா எழும்பினார். பின்வரிசையிலிருந்த எனக்கும் தெளிவாகக் கேட்கிற குரலில் தொடங்கினார்.

"தவிசாளர் அவர்களே, நம்மட ஊர்ப் பொண்டுகள் கடல்ட சத்தத்தக் கேட்டுத்தான் படுக்கிற, அதக் கேட்டுத்தான் எழும்புற. கடலக் காணுற எப்ப? பெருநாளைக்குக் கடக்கர நிறைய ஆம்புளையள். நாங்க சமையலறையில. மூண்டாம் நாள் பின்னேரம் அஸர்ல இரிந்து பொழுது படுற மஃரிப் மட்டும் கடக்கரையப் பொண்டுகளுக்கும் புள்ளையளுக்கும் ஒதுக்கித் தரணும்" என்றார்.

சபையில் ஒரு சிரிப்பு. விளையாட்டுக் கழகத் தலைவர் முஹ்ஸின் சேர், அவரும் மெம்பர்தானே, கதிரையில் சாய்ந்துகொண்டு, "பொண்டுகளுக்குக் கடல் என்னத்துக்கு? வீட்ட குழாயில தண்ணி வருது தானே?" என்று கேட்டார்.

உம்மா அவரைப் பார்த்து, "தண்ணி வருது சேர். அலை வருதில்லியே" என்றார்.

வாப்பா, அந்த இடத்தில் நீங்கள் இருந்திருக்க வேண்டும்! தவிசாளர் சிரித்த சிரிப்பில் மைக் கீச்சிட்டது. நான் விசிலடித்தேன். காவலாளி என்னை வெளியே போடப் பார்த்தார், நான் மெம்பரின் மகள் என்று சொல்லித் தப்பினேன். முஹ்ஸின் சேரும் தன்னை அறியாமல் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு அவரே கையைத் தூக்கி ஆமோதித்தார். தோற்றாலும் நல்ல விளையாட்டுக்காரன்.

அதன் பிறகு உம்மா உட்காரவில்லை. தண்ணீருக்குள் முழங்கால் ஆழத்துக்கு அப்பால் யாரும் போகாமல் கயிறு கட்ட வேண்டும், நீந்தத் தெரிந்த பெண்கள் விசிலோடு நிற்க வேண்டும், கரையோரக் கோபுரத்துச் சைரனை முந்தின நாளே அடித்துப் பார்க்க வேண்டும், மேற்கே ஓடுவதற்கு இரண்டு குறுக்கு வீதிகளை வாகனமில்லாமல் திறந்து வைக்க வேண்டும், மஃரிப் பாங்குக்கு முன்னமே எல்லோரையும் பெயர் கூப்பிட்டு அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். உண்மையைச் சொன்னால் நானும்தான். எல்லாவற்றுக்கும் சரி என்று பாஸாக்கிவிட்டுத் தேநீருக்குப் போனார்கள். யாரோ எடுத்த படம் அன்று பின்னேரமே உங்கள் ரூமுக்கு வந்துவிட்டது. "மெம்பர்ட மாப்பிள மஜீட், கடல நம்மளுக்கும் கொஞ்சம் தாங்க" என்று உங்களைப் பகிடி பண்ணினார்களாம். அன்றுதான் உங்கள் சிக்னல் போனது.

இனிமேல்தான் பெரிய கூத்து. சபை எழுதுநர் யசோதினி அக்கா பொலிசுக்கும் மின்சார சபைக்கும் கடிதம் அடிக்க வேண்டும் என்று, "மூண்டாம் நாள் எண்டா எத்தினையாம் தேதி?" என்று கேட்டா. தவிசாளர் சுவர்க் கலண்டரைப் பார்த்தார். பெருநாள் விடுமுறைக்குச் சிவப்பு நிறம் அடித்திருந்தது. அதிலிருந்து எண்ணி ஒரு தேதி சொன்னார். தாடி வைத்தவரும் தொப்பி போட்டவரும் உம்மாவும் எல்லோரும் தலையாட்டினார்கள். சந்தியில் பெரிய துணிப் பெனர் கட்டியாயிற்று, தேதியோடு.

பிறந்த நாளிலிருந்து பிறை பார்த்துப் பெருநாள் எடுக்கிற ஆட்கள், வாப்பா! ஒருவருக்கும் பிறை ஞாபகம் வரவில்லை. பிறகு யசோதினி அக்காதான் கலண்டரைக் கையில் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு ஓடி வந்தா. "அக்கா, இதில சின்ன எழுத்தில 'பிறை தென்படுவதைப் பொறுத்து' எண்டு போட்டுக் கிடக்கு. நான் இப்பத்தான் கண்டன். இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டா. உம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். நான் சிரித்துச் சிரித்து நோன்பை முறித்துவிடுவேனோ என்று பயந்தேன்.

பிறை ஒரு நாள் பிந்தினால் பெனரில் உள்ள தேதி இரண்டாம் நாளாகிவிடும். இரண்டாம் நாள் கடற்கரையில் கழகத்தின் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி, அதன் பிறகு தோணி ஓட்டம். யசோதினி அக்கா வந்துபோன அன்று பின்னேரமே கழகப் பொடியன்மார் கூட்டமாக நம் கேற்றடியில். "மெம்பர் ராத்தா, எங்கட நாளப் பறிக்கப் போறீங்களாம்" என்று ஒருவன் கத்தினான். உம்மா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "மனே, உங்கட நாள் ரெண்டாம் நாள். எங்கட நாள் மூண்டாம் நாள். அது என்ன தேதியில வாறது எண்டு மேல இரிக்கிறவன் சொல்லுவான். உங்கட உம்மாவும் ராத்தாவும் வரத்தான் இந்த நாள். அண்டைக்கு நீங்க எல்லாரும் றோட்டுப் பக்கம் காவலுக்கு வரணும், கடலுக்கு முதுகு காட்டி நிக்கணும். ஏலுமா?" என்று கேட்டார். சண்டைக்கு வந்தவர்கள் காவலுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போனார்கள். கயிறும் கூடாரமும் கழகம் தருமென்று முஹ்ஸின் சேர் சொல்லியனுப்பியிருக்கிறார்.

இப்போது பொலிசுக்கு இரண்டு தேதியோடு இரண்டு கடிதம். பெனரில் தேதி இருந்த இடத்தில் வெள்ளைச் சீலை தைத்துவிட்டார்கள். கொழும்பிலிருந்து பிறை அறிவித்தல் வந்த கையோடு ஏணியில் ஏறித் தேதியை எழுதுகிற வேலை யாருக்கு? சபையின் ஏகமனதான தீர்மானப்படி எனக்கு! வாளியில் கத்தியதற்குப் பதிலாக நல்ல காரியமும் செய்யட்டும் என்று உம்மா சொன்னாராம். தூரிகையும் சிவப்புப் பெயின்ரும் கட்டிலுக்குக் கீழே தயார்.

ஊரைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். தையல்காரரிடம் பெண்கள் பெருநாளைக்கு ஓர் அபாயாவும், மூன்றாம் நாளைக்கு நனைந்தால் பாரமாகாத ஓர் அபாயாவும் என்று கேட்கிறார்களாம். கடற்கரைக்கு எடுத்துப் போக எந்த வீட்டில் வட்டிலப்பம், எந்த வீட்டில் தொதல் என்று பங்கு பிரித்தாயிற்று. கழகம் போடப் போகிற கூடாரத்தில் பட்டம் கட்டும் போட்டி, பெரியவர்களுக்குக் கயிறிழுத்தல். குமர்ப்பிள்ளைகளுக்கும் கல்யாணம் முடித்தவர்களுக்கும் இடையில்! மின்சார சபை ஆட்கள் கடற்கரை விளக்குகளைத் திருத்திவிட்டார்கள். இரவில் நம் ஜன்னலுக்கும் வெளிச்சம் வருகிறது.

என்னை யோசித்துப் பாருங்கள். பதினாறு வயது. கடலிலிருந்து இரண்டு குறுக்குத் தள்ளிப் பிறந்து வளர்ந்தவள். கடற்கரை வீதிக்குக் கிழக்கே கால் வைக்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். நீங்கள் கடல் தாண்டிப் போய் வருகிறீர்கள், நான் இன்னும் வீதி தாண்டவில்லை. உம்மாவும் அப்படித்தான்.

இப்போது கடைசியில் சொல்வதாகச் சொன்னது. தவிசாளர் வீட்டுக்கு வந்து, அந்த நாளை உம்மாதான் திறந்து வைக்க வேண்டும் என்று கேட்டார். உம்மா, "எல்லாரையும் அனுப்பி வெப்பன் சேர். நான் வாறதெண்டா அவரு ஓம் எண்டு சொல்லணும்" என்று சொல்லிவிட்டார். முழு ஊருக்கும் கடற்கரையை வாங்கிக் கொடுத்தவர் தான் மட்டும் வீட்டில் இருக்கப் போகிறார். உம்மா வரவில்லையென்றால் நானும் போகமாட்டேன். அதை நான் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

தவிசாளர் போனதும் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல்தான். "வாப்பாக்கு ரூம் ஆக்கள்ட பகிடிதான் பெரிசு, நம்ம பெரிசில்ல" என்று சொன்னேன். இன்னும் சில சொன்னேன், எழுதமாட்டேன். உம்மா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

"கோவமெண்டா நான் எப்பவோ சமாளிச்சிருப்பன் மகள். உங்கட வாப்பாக்கு அது கோவமில்ல, பயம்" என்றார்.

உங்கள் தங்கச்சி சரீபா மாமி சுனாமியில் மௌத்தானது எனக்குத் தெரியும். அலுமாரியில் இருக்கிற படமும் தெரியும். எனக்குத் தெரியாத ஒன்றை உம்மா அன்றுதான் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமி உங்களிடம் வந்து, கடல் பார்க்கப் போகட்டுமா காக்கா என்று கேட்டாவாம். நீங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தீர்களாம். ஓம், போயிட்டு வா என்று சொன்னீர்களாம்.

வாப்பா, நான் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து மாமியின் படத்தை எடுத்துப் பார்த்தேன்.

உம்மாவின் பிரேரணையை நான் திரும்ப நினைத்துப் பார்த்தேன். கயிறு, விசில், சைரன், திறந்த வீதி, பெயர் கூப்பிடுதல். நாங்கள் எல்லோரும் கொட்டாவி விட்டோமே, அதெல்லாம் உம்மா சபைக்குச் சொல்லவில்லை. சபையில் நின்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தில் உம்மாவின் வாய் திறந்திருக்கிறது. என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று படத்தில் கேட்காது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு வயதில்லை. உம்மா உங்களிடம் கேட்கமாட்டார். கேட்டால் உங்களுக்கு நோகும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே நான் கேட்கிறேன். எனக்குப் போன் எடுக்க வேண்டாம், உம்மாவுக்கு எடுங்கள். பிறை கண்ட பிறகு எடுத்தாலும் சரி. நீங்கள் நீளமாகக் கதைக்கத் தேவையில்லை, ஓம் என்ற ஒரு சொல் போதும். நீங்கள் சொல்லத் தயங்கினால் உம்மா பொறுத்து நிற்பார், எவ்வளவு நேரமானாலும். மூன்றாம் நாள் தண்ணீரில் நான் உம்மாவின் கையை விடமாட்டேன். உம்மா என் கையை விடமாட்டார். மஃரிப் பாங்குக்கு முன்னமே வீட்டுக்கு வந்து, ஈரக் காலோடு, இரண்டு பேரும் உங்களோடு கதைப்போம்.

காலிதீன் மாமா வாசலில் வந்து நிற்கிறார், வான் வந்துவிட்டதாம். பொட்டலத்தைக் கட்ட வேண்டும்.

சரீபா மாமிக்கு அல்லாஹ் உயர்ந்த சுவர்க்கத்தைக் கொடுக்கட்டும். உங்களுக்கு அந்த ஒரு சொல்லைத் திருப்பிக் கொடுக்கட்டும். ஆமீன்.

உங்கள் மகள்,
றினோஸா